பஞ்சநாமாவைப் படிக்கக் கற்ற ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தோல் பை தைக்கும் பட்டறைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு சிறு மண்டபம் இருக்கிறது. 2026 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 22 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை நான்கு மணியிலிருந்து ஆறரை மணிவரை அங்கே நடந்த சட்ட வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பொதுமக்களுக்குத் தமிழில் விளக்கும் வகுப்பு என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். கட்டணம் 500 ரூபாய். 88 பக்கக் கையேடும் தேநீரும் அதிலேயே அடக்கம். மும்பை நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாக வழக்காடி வரும் ஒரு பெண் வழக்கறிஞரும், நீதிமன்றத்தில் சிரஸ்தேதாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் சேர்ந்து நடத்தினார்கள். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பதால், கேள்வி கேட்பவர் எந்தத் தமிழில் கேட்டாலும் அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் சொன்னதும் எங்களுக்குப் புரிந்தது.

மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் சாலில், அதாவது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பில், யார் வீட்டுக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் வந்தாலும், "டீச்சர், இது என்னன்னு பாருங்க" என்று என் வாசலுக்குத்தான் வருவார்கள். மின்கட்டணம், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்றால் எனக்குச் சிரமமில்லை. காவல் நிலையத்திலிருந்தோ நீதிமன்றத்திலிருந்தோ வரும் தாள் என்றால் மராத்தியை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேனே தவிர, அதைப் பெற்றவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் விழித்திருக்கிறேன். 2024 ஜூலை 1 முதல் சட்டமே மாறிவிட்டது என்றதும், அரைகுறையாகத் தெரிந்திருந்ததும் செல்லாததாகிவிட்டதோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அந்தக் கவலையோடுதான் முதல் நாள் மாடிப்படி ஏறினேன்.

வகுப்பில் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தோம். இட்லி வியாபாரம் செய்யும் தம்பதியர், தோல் பட்டறைக்காரர்கள், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள், சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், மகன் சிறையில் இருக்கும் ஒரு தாய் என்று அவரவர் காரணத்தோடு வந்திருந்தார்கள். வழக்கறிஞர் முதலில் சட்டத்தின் பெயரைப் பலகையில் தமிழ் எழுத்தில் எழுதினார்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. இந்தியில் வைத்த இந்தப் பெயருக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்ததையும், புதிய சட்டங்களில் மாநில அளவில் என்ன திருத்தங்கள் செய்யலாம் என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் தமிழ்நாடு அரசு ஒருநபர் குழு அமைத்ததையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, நீதிமன்றத்தில் எல்லோரும் பி.என்.எஸ்.எஸ். என்றே சொல்வதால் நாமும் அப்படியே சொல்வோம் என்று முடித்துக்கொண்டு பாடத்துக்குப் போனார். 1973-ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் ஐம்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதில் 484 பிரிவுகள். அதன் இடத்தில் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 531 பிரிவுகள். பெரும்பகுதி பழையதுதான், எண்கள் இடம் மாறியிருக்கின்றன, ஆனால் மாறிய சில இடங்கள் மிக முக்கியமானவை என்பது அவருடைய முதல் நாள் அறிமுகம். அதே நாளில் நடப்புக்கு வந்த மற்ற இரண்டு சட்டங்களான தண்டனைச் சட்டத்தையும் சாட்சியச் சட்டத்தையும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் தொட்டார்கள். அது நல்ல முடிவு.

எண்கள் இடம் மாறியதால் மனிதர்கள் எப்படிக் கலங்குகிறார்கள் என்பதை அன்றைக்கே கண்ணால் பார்த்தேன். பின்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண், கணவரிடம் ஜீவனாம்சம் கேட்டுத் தாக்கல் செய்த மனுவின் நகலை எடுத்துக் காட்டி, "அக்கா, இதுல 144 போட்டிருக்கு. நான் என்ன கலவரமா பண்ணேன்?" என்று நடுங்கும் குரலில் கேட்டாள். தமிழர்களுக்கு 144 என்றாலே தடையுத்தரவு, கடையடைப்பு, தெருவில் நான்கு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்பதுதான் நினைவுக்கு வரும். புதிய சட்டத்தில் அந்தத் தடையுத்தரவு 163-ஆம் பிரிவுக்குப் போய்விட்டது. பழைய சட்டத்தில் 125-ஆம் பிரிவாக இருந்த ஜீவனாம்சம் இப்போது 144 ஆகியிருக்கிறது. அந்தப் பெண் பல நாட்களாக அந்தத் தாளை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். வழக்கறிஞர் அவள் அருகில் போய் உட்கார்ந்து, மனுவின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினார். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதையும் எடுத்துரைத்தார். ஊரில் இருக்கும் முதிய பெற்றோர், மும்பையில் வாழும் மகனிடம் ஜீவனாம்சம் கேட்டு, தாங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 145-ஆம் பிரிவில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருப்பதையும் அந்த வேளையில்தான் அறிந்தேன். எங்கள் சாலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய மகன்கள் சிலர் இருக்கிறார்கள்.

வழக்கறிஞர்களே தடுமாறும் இன்னொரு எண்ணையும் சொன்னார். பழைய சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடுவது. அது இப்போது 528. புதிய 482 என்பது முன்ஜாமீன்; அது முன்பு 438. பழைய எண்ணோடு பேசும் ஒருவரிடம் எந்தச் சட்டத்தின் 482 என்று கேட்டுக்கொள்ளாவிட்டால் பேச்சே வேறு திசைக்குப் போய்விடும். 2024 ஜூலை 1-க்கு முன்பே நிலுவையில் இருந்த புலனாய்வும் விசாரணையும் மேல்முறையீடும் பழைய சட்டப்படியே தொடரும் என்று 531-ஆம் பிரிவு சொல்வதால், இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டு எண்வரிசைகளும் அக்கம்பக்கமாகவே புழங்கப்போகின்றன. ஆகவே கையேட்டின் கடைசியில் உள்ள நான்கு பக்க ஒப்பீட்டு அட்டவணை ஒன்றுக்கே 500 ரூபாய் தகும். தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்டிருக்கும் கைபேசிச் செயலியிலும் இந்த ஒப்பீடு விலையில்லாமல் கிடைக்கிறது; ஆங்கிலம் படிப்பவர்களுக்கு அதுவே போதும். எங்கள் வகுப்பில் இருந்த பெரும்பாலோருக்குத் தமிழில் அச்சிட்ட தாள்தான் கைகொடுக்கும்.

இரண்டாம் வாரம் முதல் தகவல் அறிக்கை. இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு. 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் என் தங்கையின் கைப்பையைப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினான். அருகில் இருந்த காவல் நிலையத்துக்குப் போனோம். நிறுத்தம் தங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். அடுத்த நிலையத்தில், சாலையின் எதிர்ப்புறம்தான் தங்களுடையது என்றார்கள். இரவு பத்தரை மணிக்கு, பை தொலைந்துபோனதாக எழுதிய ஒரு சான்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். பறித்தது தொலைந்ததாக மாறியதை அன்று நான் தட்டிக்கேட்கவில்லை; கேட்க எனக்கு வார்த்தை இல்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றத்தைப் பற்றிய தகவலை எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்ய வேண்டும் என்று 173-ஆம் பிரிவின் முதல் வாசகத்திலேயே எழுதியிருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று நெடுங்காலமாக நடைமுறையில் சொல்லப்பட்டு வந்தது இப்போது, அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. நாங்கள் அலைந்த அன்று அந்தச் சட்டம் நடப்புக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை என்றாலும், நடப்பில்தான் இருந்தது. பலகையில் அந்த வரியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த வகுப்பின் சிறப்பு இங்கேதான் தெரிந்தது. பிரிவைச் சொன்னதோடு நிறுத்தாமல், காவல் நிலையத்து மேசையின் முன் நின்று என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஓர் அட்டையாகக் கொடுத்தார்கள். நான்கே வாக்கியங்கள்: குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பதிவு செய்யுங்கள், பதிவு செய்ததை வாசித்துக் காட்டுங்கள், விலையில்லா நகலைக் கொடுங்கள், மறுத்தால் துணை ஆணையருக்கு எழுத்து மூலம் அனுப்புவேன். மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் என்று சட்டம் சொல்லும் இடத்தில் மும்பையில் துணை ஆணையர் என்று புரிந்துகொள்ள வேண்டும்; அவரும் கவனிக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனுச் செய்யலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் தகவல் கொடுத்தால், கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். சிரஸ்தேதார் பெரியவர் காவலராகவும் இட்லிக் கடைக்காரர் புகார் கொடுப்பவராகவும் நின்று அந்த நான்கு வாக்கியங்களையும் பேசிப் பழகினார்கள். கடைக்காரரின் மராத்தி நன்றாகத்தான் இருந்தது. குரல்தான் முதல் இரண்டு முறை எழும்பவில்லை. மூன்றாம் முறை எழும்பியது.

ஆனால் அதே 173-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் கையேடு இரண்டே வரியில் தாண்டிப் போகிறது. இது பெரிய குறை. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றம் என்றால், உடனே பதிவு செய்யாமல், துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து, முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறது அந்த உட்பிரிவு. கைது செய்வதற்குரிய குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னதோடு இதை வைத்துப் பார்த்தால், புகார்தாரருக்குக் கிடைத்த பிடி ஓரளவு தளர்ந்திருப்பது விளங்கும். என் தங்கையின் பை போன்ற பறிப்பு வழக்கும் மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ளது என்பதால் இந்த வரம்புக்குள் வரக்கூடியதுதான். வழக்கறிஞர் இதை வாய்மொழியாக விரிவாகவே சொன்னார். கையேட்டிலும் அப்படி இருந்திருக்க வேண்டும். வகுப்புக்கு வராதவர் கைக்குப் போகப்போவது கையேடுதானே.

மூன்றாம் வாரம் கைது. ஆறு வாரங்களில் மிகச் சிறந்தது இதுதான். பெரியவர் ஓர் அட்டைக் கடிகாரம் செய்து கொண்டுவந்திருந்தார். அகலமான பிரியாணிப் பெட்டி மூடியில் பன்னிரண்டுக்குப் பதிலாக இருபத்துநான்கு கோடுகள், நடுவில் ஒரு பித்தளை ஊசியில் சுழலும் சிவப்பு முள். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பையனைப் பட்டறையிலிருந்து அழைத்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முள்ளை ஒன்பதில் நிறுத்தினார். பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து, இந்த மணிக்குள் என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டு முள்ளை நகர்த்தச் செய்தார். கைது செய்பவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் போக வேண்டும். மாவட்டத்தில் இதற்கென நியமிக்கப்பட்ட காவல் அதிகாரிக்கும் போக வேண்டும் என்பது புதிய சட்டம் சேர்த்தது. விசாரணையின்போது, முழு நேரமும் உடனிருக்க முடியாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்க உரிமை உண்டு. மருத்துவப் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரம் முடிவதற்குள் நடுவர் முன் நிறுத்தியிருக்க வேண்டும். முள் மீண்டும் ஒன்பதை நெருங்கியபோது மண்டபத்தில் பேச்சே இல்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. மகன் சிறையில் இருக்கும் அந்தத் தாய் எழுந்து, தன் மகனுக்கு எந்தெந்த மணியில் என்ன நடந்தது என்று முள்ளைத் தானே சுழற்றிக் காட்டினார். அவர் முள்ளை ஒரே இடத்தில் நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் நடந்திருக்க வேண்டியது எதுவும் நடந்திருக்கவில்லை.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பிலேயே இருக்கிறது. எந்த மொழியில் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கேள்வி. 2025 நவம்பர் 6 அன்று, மும்பையில் நடந்த ஒரு வாகன விபத்து வழக்கிலிருந்து எழுந்த மேல்முறையீட்டில், எந்தக் குற்றமானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நேரத்தில் எழுதித் தர இயலாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு, நடுவர் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தந்தாக வேண்டும். தவறினால் கைதும் காவலும் சட்டவிரோதமாகும். தமிழ் மட்டும் தெரிந்த கூலித் தொழிலாளிக்கு மராத்தியில் எழுதிய தாளை நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இனிச் சொல்ல முடியாது. வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த தீர்ப்பைத் தேடிப் பிடித்து, கையேட்டில் தனித் தாளாக ஒட்டிக் கொடுத்த அக்கறைக்காக இவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில், உடல் நலிந்தவரையோ 60 வயதைக் கடந்தவரையோ, துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்ற 35(7) பிரிவும் அன்றைக்கே வந்தது. சாட்சியாக விசாரிக்கப்படும்போது 60 வயதைக் கடந்த ஆணை அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இது 65 ஆக இருந்தது. கையேட்டின் 31-ஆம் பக்கத்தில் பழைய 65-ஐயே அச்சிட்டிருந்தார்கள். அந்தப் பிழை உடனே என் கண்ணில் பட்டது. எடுத்துச் சொன்னேன்; அடுத்த வாரமே திருத்தச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். காவல் துறை கைபேசிச் செயலி வழியாக அனுப்பும், விசாரணைக்கு வரச் சொல்லும் அறிவிப்பு செல்லாது, உரிய முறையில் நேரில் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், நேர்மையற்ற சிலர் காவலர் போல வாட்ஸாப்பில் தாள் அனுப்பி மிரட்டும் இந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதையும் வழக்கறிஞர் அழுத்தமாகச் சொன்னார். சில குற்றங்களில் கைவிலங்கு பூட்டலாம் என்று 43(3) பிரிவு புதிதாக அனுமதித்திருப்பதையும் மறைக்கவில்லை.

நான்காம் வாரம்தான் நான் தலைப்பில் சொன்ன பஞ்சநாமா. தாராவியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சோதனையும் பறிமுதலும் நடக்கும்போது அக்கம்பக்கத்தில் இருந்து இருவரைப் 'பஞ்ச'ராக அழைத்து, கண்டதை எழுதிக் கையொப்பம் வாங்குகிறார்கள்; அந்தத் தாள்தான் பஞ்சநாமா. டீ குடிக்க வந்தவன், சரக்கு இறக்கியவன் என்று யார் கையையும் பிடித்துக்கொள்வார்கள். அவனும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவான். பெரியவர் ஒரு மாதிரிப் பஞ்சநாமாவைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பெயர்களெல்லாம் கற்பனை, மொழி மட்டும் அவர் முப்பது ஆண்டு பார்த்துப் பழகிய அதே மராத்தி. ஃபிர்யாதி என்றால் புகார் கொடுத்தவர், ஆரோபி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர், ஜப்த என்றால் பறிமுதல், ஸமக்ஷ என்றால் முன்னிலையில், ஸஹீ என்றால் கையொப்பம். இருபத்தைந்து சொற்கள்தான். அவற்றை அடிக்கோடிட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டு பக்கத் தாளில் யார், எங்கே, எத்தனை மணிக்கு, எதை எடுத்தார்கள் என்பதை நான் தட்டுத்தடுமாறியேனும் சொல்லிவிட்டேன். கேட்ட கதையை வைத்துக்கொண்டு ஊகிக்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

சட்டம் சொல்வதையும் வரிசையாகச் சேர்த்துக் காட்டினார்கள். பஞ்சர்கள் சுதந்திரமான, மதிப்புக்குரிய உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். இடத்தின் உடைமையாளரோ அவர் சார்பாக ஒருவரோ சோதனையின்போது உடனிருக்கலாம். எடுத்த பொருட்களின் பட்டியலுக்கு அவருக்கு நகல் தர வேண்டும். இவை பழையவை. புதிய 105-ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையொப்பமிடுவதையும் சேர்த்து, ஒலியும் காட்சியுமாகக் கூடுமானவரை கைபேசியிலேயே பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்பக் கட்டாயமாக்கியிருக்கிறது. "உள்ளே வர்றதுக்கு முன்னாடியே கேமராவைப் போட்டாச்சான்னு மரியாதையாக் கேளுங்க, கேட்கறது குத்தமில்ல" என்று வழக்கறிஞர் சொன்னதும், பட்டறைக்காரர் ஒருவர் தம் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார். எழுத்து மூலம் அழைத்தும் தக்க காரணமின்றிப் பஞ்சராக வர மறுப்பது குற்றம் என்பதையும் சொல்லத் தவறவில்லை. 'ஒதுங்கிப் போய்விடுங்கள்' என்ற எளிய அறிவுரையை அவர் தராதது எனக்குப் பிடித்திருந்தது. படித்துக் காட்டச் சொல்லுங்கள், கண்டதற்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

ஐந்தாம் வாரம் காவலும் ஜாமீனும். இங்கே எனக்கு மனத்தாங்கல் உண்டு. முதல் ஒரு மணி நேரம் ஜாமீன் பிணையாளருக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதிலேயே போய்விட்டது. அது தேவைதான். ஆனால் புதிய சட்டத்தின் மிகக் கனமான மாற்றம் என்று நான் நினைக்கும் 187-ஆம் பிரிவுக்குக் கால் மணி நேரமே கிடைத்தது. பழைய முறையில், ஒருவரைப் போலீஸ் காவலில் வைத்து விசாரிக்கக்கூடிய 15 நாட்கள், அவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிடும் என்று 1992 முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வழிகாட்டிவந்தது. புதிய பிரிவில், அந்த 15 நாட்களை மொத்தமாகவோ பிரித்துப் பிரித்தோ, வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறைக்குப் போய் ஒரு மாதம் ஆனவரை மீண்டும் நிலையத்துக்குக் கொண்டுவர வழி இருக்கிறது என்றால், அந்தக் குடும்பம் ஒவ்வோர் இரவும் எதற்குப் பயந்துகொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இது நடந்தால் உறவினர் என்ன செய்யலாம், ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்று பலர் கையுயர்த்தினார்கள். நேரம் முடிந்துவிட்டது என்று அடுத்த தலைப்புக்குப் போனார்கள். உரிமையைத் தரும் பிரிவுகளுக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியாவது உரிமையைக் குறைக்கும் பிரிவுக்கு ஒதுக்கியிருக்க வேண்டும்.

479-ஆம் பிரிவைப் பற்றி மட்டும் அந்தத் தாயின் பொருட்டுச் சற்று நின்று பேசினார்கள். முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத ஒருவர், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றத்தில், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது பாதி. சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று சட்டம் அவர்மேல் பொறுப்பை வைத்திருக்கிறது. பழைய வழக்குகளில் அடைபட்டிருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இது கிடைக்காது. அந்தத் தாயின் மகன்மேல் இரண்டு வழக்குகள். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் கலைந்த பிறகு வழக்கறிஞர் அவருக்கு இலவச சட்ட உதவி எண் 15100-ஐ எழுதிக் கொடுத்து, பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அரசே ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்று விளக்கி, மறுநாள் தாமே உடன் வருவதாகச் சொன்னார், வந்தும் இருக்கிறார்.

ஆறாம் வாரம் நீதிமன்ற நடைமுறையும் கேள்விநேரமும். புலனாய்வின் நிலையைப் புகார்தாரருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாதம் முடிந்தபின் 30 நாட்களில், காரணம் எழுதினால் 45 நாட்களில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற காலக்கெடுக்களைப் படித்துக்கொண்டே போனார்கள். தீர்ப்பு தாமதமானால் என்ன ஆகும் என்று சட்டக் கல்லூரிப் பெண் கேட்டாள். அதற்குச் சட்டத்தில் விளைவு எதுவும் எழுதப்படவில்லை என்று வழக்கறிஞர் நேராகவே பதில் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் பதிவானால் திறந்த நீதிமன்றத்தில் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதி எனக்குப் புதிய செய்தி. பழைய சட்டத்திலும் அது இருந்ததாம்.

இனி வசதிகளைப் பற்றி. இரண்டு மாடி ஏற வேண்டும், கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது கடினம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு பாட்டி வராமல் நின்றுவிட்டதற்குக் காரணம் படிதான். கையேட்டின் எழுத்து மிகச் சிறியது. ஞாயிறு மாலை நான்கு மணி ஆண்களுக்குத் தோது. மறுநாளைக்கு மாவாட்டும் இட்லிக்கார வீட்டுப் பெண்களுக்கு அது வேலை நேரம். மாட்டுங்காவிலோ சயானிலோ தரைத்தளத்தில் ஓர் இடமும், காலை நேர வகுப்பு ஒன்றும் இருந்தால் இன்னும் பலர் வருவார்கள். கோட்டைப் பகுதிச் சட்டப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் ஆங்கிலச் சட்டநூலைத் தனியே வாங்கிப் படித்துப் பார்த்தேன்; வகுப்புக்குப் பிறகு படித்தால் அது விளங்குகிறது, முன்பு விளங்கியிருக்காது. சட்ட மாணவர்களுக்கு இந்த வகுப்பு போதாது. பட்டறை நடத்துபவர், வாடகை வண்டி ஓட்டுபவர், வளர்ந்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் ஆகியோர் தயங்காமல் சேரலாம். மூன்றாம், நான்காம் வாரங்களை மட்டும் தனியாக நடத்தினால்கூட நான் மறுபடி பணம் கட்டிப் போவேன். ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன்; 187-ஆம் பிரிவுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கினால் ஐந்தாவதையும் தருவேன்.

வகுப்பு முடிந்து பத்து நாள் இருக்கும். எதிர்வீட்டு மருமகள் ஒரு தாளோடு வந்தாள். அவள் மாமனார் சாட்சியாக வர வேண்டும் என்ற நீதிமன்றச் சம்மன் அது. கொண்டுவந்த காவலர், வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா, பிறகு வருகிறேன் என்று திரும்பிப் போகப் பார்த்திருக்கிறார். பழைய சட்டத்தில் குடும்பத்தின் வயதுவந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது. புதிய 66-ஆம் பிரிவு அந்த 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. கடைசி வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டிருந்தவள் அவள். "நானும் இந்த வீட்டு ஆள்தான் சார், எங்கிட்டயே குடுக்கலாம்" என்று சொல்லி, மறுபிரதியின் பின்புறம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாளாம். தாளில் தேதியும் வழக்கு எண்ணும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நீதிமன்ற அறை எண்ணை மராத்தியில் கிறுக்கியிருந்ததால், அதை மட்டும் வாசித்துச் சொல்லும்படி கேட்டாள்.